மணி அடிக்கிறது, தீ எங்கே? தீ எச்சரிக்கைப் பனலுக்கு றிப்பீற்றர் அமைப்போருக்கான கையேடு

மூதூரிலிருந்து சம்பூருக்குப் போகும் வழியில் இருக்கிறது எங்கள் கட்டைபறிச்சான். 2006 ஏப்ரல் 25ஆம் திகதி வான்தாக்குதல் தொடங்கியபோது ஊரில் எல்லோருக்கும் சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் ஓடுவது என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. அம்மா முற்றத்தில் நின்று சற்று நேரம் காது கொடுத்துக் கேட்டார். "சம்பூர்ப் பக்கம்தான் விழுகுது, இஞ்சால வாங்க" என்று எங்களை இழுத்துக்கொண்டு போனார். பிறகு வெருகல், வாகரை, மட்டக்களப்பு முகாம் என்று நாங்கள் அலைந்த கதை இந்தத் தளத்தின் வாசகர்கள் பலருக்கும் சொந்தக் கதைதான்.

மீண்டும் ஊருக்கு வந்து சில ஆண்டுகளின் பின் நான் கட்டாருக்குப் போனேன். மின்வேலை தெரியும் என்பதால் தீ எச்சரிக்கைக் கருவிகள் பொருத்தும் வேலை கிடைத்தது. அங்கேதான் அம்மா அன்று செய்த வேலையைச் செய்வதற்கென்றே ஒரு கருவி இருப்பதை அறிந்தேன். மணி "ஓடு" என்று மட்டும் சொல்லும். எங்கே தீ, எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதைச் சொல்வது பனலின் திரை. அந்தத் திரையைப் பனலுக்கு வெகு தொலைவில் இருப்பவரின் கண்முன் கொண்டுபோய் வைப்பது றிப்பீற்றர்.

தாயகத்திலும் வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் எம்மவர் பலர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். இன்னும் பலர் முதியோர் இல்லங்கள், மண்டபங்கள், கடைத்தொகுதிகள் நடத்துகிறார்கள். தமிழில் இதைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. அதனால் நான் கற்றதை, நான் விட்ட ஒரு பிழையையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

றிப்பீற்றர் என்றால் என்ன?

கட்டடத்தின் புகை உணரிகளும் கண்ணாடி உடைக்கும் அழைப்புப் பெட்டிகளும் வந்து சேரும் இடம் பிரதான பனல். முடிவெடுப்பது அதுதான். அது காட்டும் செய்தியை வேறோர் இடத்தில் திரும்பக் காட்டுவதே றிப்பீற்றரின் வேலை. நடைமுறையில் மூன்று வகை உண்டு.

முதலாவது, எழுத்துத் திரையும் பொத்தான்களும் உள்ள முழு றிப்பீற்றர். இதிலிருந்தே மணியை நிறுத்தலாம், பனலை மீளமைக்கலாம். இரண்டாவது, திரை மட்டும் உள்ளது. பார்க்கலாம், எதையும் மாற்ற முடியாது. மூன்றாவது, மண்டலத்துக்கு ஒன்றாகச் சிறு விளக்குகள் எரியும் பலகை. சில இடங்களில் கட்டடத்தின் வரைபடத்தையே பலகையாக்கி, அந்தந்த இடத்தில் விளக்கைப் பதித்திருப்பார்கள். வாசிக்கத் தெரியாதவருக்கும் இது புரியும்.

பனல் அலுவலக அறையில் இருந்து, இரவில் ஆள் இருப்பது வாசற் காவலறையில் என்றால் றிப்பீற்றர் தேவை. வைத்தியசாலையில் தாதியர் மேசைக்கும், இரண்டு வாசல்கள் உள்ள கட்டடத்தில் தீயணைப்புப் படை வந்து இறங்கும் வாசலுக்கும் அது தேவை. இரவு இரண்டு மணிக்கு அந்தக் கட்டடத்தில் விழித்திருப்பவர் யார், அவர் எங்கே இருப்பார் என்று கேளுங்கள். றிப்பீற்றர் அவர் பார்வையில் இருக்க வேண்டும்.

வேலை தொடங்கு முன்

கட்டடத்தில் உள்ளவர்களுக்குச் சொல்லுங்கள். மணிகள், லிப்ற், தீக்கதவுகள், தீயணைப்புப் படைக்குத் தானாகச் செய்தி அனுப்பும் இணைப்பு ஆகியவற்றை முறைப்படி தற்காலிகமாகத் துண்டித்து, எதைத் துண்டித்தீர்கள் என்று பதிவுப் புத்தகத்தில் நேரத்தோடு எழுதுங்கள். பனலின் தற்போதைய அமைப்புக் கோப்பைப் பிரதி எடுத்து வையுங்கள். அந்த மொடலின் கைநூல் கையில் இருக்கட்டும். ஒரு நிறுவனத்தின் றிப்பீற்றர் இன்னொரு நிறுவனத்தின் பனலோடு பேசாது. ஒரே நிறுவனத்தின் பழைய பனலும் புதிய றிப்பீற்றரும்கூடச் சில வேளை ஒத்துப்போவதில்லை.

பயிற்சி பெறாதவர் பனலைத் திறக்கக் கூடாது. கட்டடப் பொறுப்பாளர்கள் இதை வாசிப்பது, வேலை செய்பவரிடம் சரியான கேள்விகளைக் கேட்பதற்காக.

வயர்

பெரும்பாலான றிப்பீற்றர்களுக்கு நான்கு வயர்கள் போகும். இரண்டு 24 வோல்ற் மின்சாரத்துக்கு, இரண்டு தரவுக்கு. தரவு இணைப்பு பல பனல்களில் ஆர்எஸ்-485 முறையில் இருக்கும். அதன் விதிகள் சில.

ஒன்று, வயர் ஒரு றிப்பீற்றரிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாகப் போக வேண்டும். நடுவில் ஒரு பெட்டி வைத்து நாலு பக்கமும் கிளை பிரித்தால், சில நாள் வேலை செய்யும், சில நாள் செய்யாது.

இரண்டு, ஏ, பி என்ற இரு முனைகளையும் மாற்றிக் கொடுக்கக் கூடாது.

மூன்று, சங்கிலியின் இரண்டு அந்தங்களிலும் மட்டும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஏ, பி இரண்டுக்கும் இடையில் அளந்து பாருங்கள். ஏறத்தாழ 60 ஓம் காட்டினால் சரி. 120 காட்டினால் ஒரு அந்தத்தில் தடை இல்லை. 40 காட்டினால் எங்கோ நடுவில் ஒரு தடை கூடுதலாக இருக்கிறது.

நான்கு, கேபிளின் உலோகக் கவசத்தை ஒரு பக்கத்தில் மட்டும் நிலத்தொடுப்புச் செய்வதே பொதுவான வழக்கம். உங்கள் பனலின் கைநூல் வேறு விதமாகச் சொன்னால் அதன்படி செய்யுங்கள்.

ஆர்எஸ்-485 முறை குறைந்த வேகத்தில் 1200 மீற்றர் வரை போகும் என்பார்கள். ஆனால் மின்சாரம் அவ்வளவு தூரம் போகாது. 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயருக்குக் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 12.1 ஓம் தடை உண்டு. பனலிலிருந்து றிப்பீற்றர் 200 மீற்றர் தள்ளி இருந்தால், போக வர 400 மீற்றர், 4.84 ஓம். றிப்பீற்றர்கள் எல்லாம் சேர்ந்து 0.25 அம்பியர் எடுத்தால் 1.2 வோல்ற் வழியிலேயே போய்விடும். மின்சாரம் இருக்கும்போது இது பெரிய விடயம் இல்லை. பற்றறி இறங்கி 21 வோல்ற்றுக்கு வந்த நேரத்தில் றிப்பீற்றருக்குக் கிடைப்பது 19.8 வோல்ற்தான். அந்த அளவில் அது வேலை செய்யுமா என்று கைநூலில் பாருங்கள்.

கேபிள் தீயைத் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். எந்த இடத்தில் தீ என்று சொல்ல வேண்டிய வயரே முதலில் எரிந்துபோகக் கூடாது.

பற்றறி: பலரும் மறப்பது

றிப்பீற்றர் ஒன்றைச் சேர்க்கும்போது பனலின் பற்றறிக்கும் சுமை கூடுகிறது. பிரித்தானியாவின் பிஎஸ் 5839 நெறிமுறை, வழமையான கட்டடத்தில் மின்சாரம் நின்று 24 மணி நேரம் கழிந்த பின்னரும் அரை மணி நேரம் மணி அடிக்கப் பற்றறியில் பலம் இருக்க வேண்டும் என்கிறது.

ஒரு கணக்கு. பனல் சும்மா இருக்கும்போது 0.25 அம்பியர் எடுக்கிறது, மணி அடிக்கும்போது 1.5 அம்பியர் என்று வையுங்கள். 24 மணி நேரத்துக்கு 6 அம்பியர்-மணி, அரை மணி நேர மணியோசைக்கு 0.75. கூட்டினால் 6.75. பற்றறி பழையதாகும் என்பதற்காக 1.25ஆல் பெருக்கினால் 8.4. 12 அம்பியர்-மணிப் பற்றறி போதும். இப்போது தலா 0.1 அம்பியர் எடுக்கும் இரண்டு றிப்பீற்றர்களைச் சேருங்கள். 24 மணி நேரத்துக்கு 10.8 ஆகிறது. மணியோசையையும் சேர்த்துப் பெருக்கினால் 14.4. பழைய பற்றறி போதாது, 17 அம்பியர்-மணி வேண்டும். மணி அடிக்கும்போது பற்றறி வேகமாக இறங்குவதற்காகச் சில கணக்கு முறைகள் இன்னும் கொஞ்சம் கூட்டும்.

எங்கள் நாட்டில் இது வெறும் கணக்கு அல்ல. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது. ஈஎன் 54 தரத்தின்படி ஒரு பனலின் மின்னேற்றி, வெறுமையான பற்றறியை 80 சதவீதத்துக்குக் கொண்டுவர 24 மணி நேரம் வரை எடுக்கலாம். நாள்தோறும் நீண்ட மின்வெட்டு வந்தால் பற்றறி நிரம்புவதே இல்லை. பனலில் பச்சை விளக்கு எரிகிறது என்று நம்பியிருந்தால் தேவைப்படும் இரவில் திரை கறுப்பாக இருக்கும்.

முகவரி கொடுத்தல்

ஒவ்வொரு றிப்பீற்றருக்கும் தனித்தனி இலக்கம் வேண்டும். சிலவற்றில் திரைப்பட்டியல் வழியாகக் கொடுக்கலாம். பலவற்றில் உள்ளே சிறு சுவிச்சுகளின் வரிசை இருக்கும். முதல் சுவிச்சின் பெறுமதி 1, இரண்டாவது 2, மூன்றாவது 4, நான்காவது 8, ஐந்தாவது 16. ஐந்தாம் இலக்கம் வேண்டுமென்றால் முதலாவதையும் மூன்றாவதையும் போட வேண்டும். சில நிறுவனங்கள் இதைத் தலைகீழாக வைத்திருக்கும், கைநூலைப் பாருங்கள்.

சுவிச்சை மாற்றுமுன் றிப்பீற்றரின் மின்சாரத்தை நிறுத்துங்கள். பல கருவிகள் மின்சாரம் வரும்போதுதான் தம் இலக்கத்தை வாசிக்கும். இரண்டுக்கு ஒரே இலக்கம் கொடுத்தால் இரண்டும் குழம்பும்.

இலக்கம் கொடுத்ததோடு வேலை முடியவில்லை. பிரதான பனலில் "இத்தனை றிப்பீற்றர்கள், இன்ன இலக்கங்கள்" என்று பதிய வேண்டும். பதியாமல் விட்டால் சில பனல்களில் றிப்பீற்றர் செய்தியைக் காட்டும், ஆனால் ஒரு நாள் அது அறுந்துபோனாலும் பனல் உங்களுக்குச் சொல்லாது. பதிந்திருந்தால்தான் காணாமற்போனதைத் தேடும்.

எதைக் காட்டுவது, எதை அனுமதிப்பது?

தீ, கோளாறு, துண்டிப்பு என்று செய்திகள் மூன்று வகை. தீச் செய்தி எல்லாத் றிப்பீற்றர்களிலும் வர வேண்டும். கோளாறும் துண்டிப்பும் பொறுப்பாளர் இருக்கும் இடத்தில் கட்டாயம் வர வேண்டும். ஒரு மாடி துண்டிக்கப்பட்டிருப்பது இரவுக் காவலருக்குத் தெரிந்திருந்தால், அந்த மாடியைக் கண்ணால் போய்ப் பார்ப்பார்.

பொத்தான்களுக்கு ஈஎன் 54 தரம் படிநிலைகள் வைத்திருக்கிறது. முதற்படி எவரும் பார்க்கலாம். இரண்டாம் படியில் சாவியோ குறியீட்டு இலக்கமோ உள்ளவர் மணியை நிறுத்தலாம், மீளமைக்கலாம். மூன்றாம் படி தொழில்நுட்பவியலாளருக்கு. மீளமைக்கும் அதிகாரத்தை எந்த றிப்பீற்றருக்குக் கொடுப்பது என்று கட்டடப் பொறுப்பாளரோடு பேசி முடிவெடுங்கள். தீ இருக்கும் இடத்தைப் போய்ப் பார்க்காத ஒருவர், தூரத்தில் இருந்து மணியை நிறுத்தி மீளமைத்துவிட்டால், முதலில் தீப்பிடித்த இடம் எது என்ற தகவலும் திரையிலிருந்து போய்விடலாம்.

பெயர்கள்: உயிர் தங்கியிருப்பது இங்கேதான்

2004 சனவரி 31 அதிகாலை ஸ்கொட்லாந்தின் றோஸ்பார்க் முதியோர் இல்லத்தில் தீப்பிடித்தது. மின்பலகை இருந்த ஓர் அலுமாரி அறையில் தீ தொடங்கியது. மணி அடித்தது. பனலும் செய்தி காட்டியது. ஆனால் அது காட்டிய மண்டலம் கட்டடத்தில் எந்த இடம் என்பதை ஊழியர்கள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. வேறு இடத்தில் தேடினார்கள். மணி அடித்து ஒன்பது நிமிடங்களின் பின்னரே தீயணைப்புப் படைக்கு அழைப்புப் போனது. முதியவர்கள் 14 பேர் இறந்தனர். பின்னர் நடந்த நீண்ட விசாரணையில் பனலின் குறிப்புகள் தெளிவாக இல்லாததும், ஊழியர்களுக்குப் பயிற்சி போதாததும் பேசப்பட்டன. கருவி வேலை செய்தும் மனிதர்கள் இறந்த சம்பவம் அது.

நான் விட்ட பிழையும் இதே வகைதான். கட்டாரில் ஒரே மாதிரி இரண்டு கட்டடங்கள். முதல் கட்டடத்துக்கு நான் பெயர்களை எழுதி முடித்தேன். நேரம் மிச்சம் என்று நினைத்து அதே கோப்பை இரண்டாவதுக்கும் பிரதி செய்தேன். இரண்டாவது கட்டடத்தில் தரை மாடிக்கும் முதலாம் மாடிக்கும் நடுவில் ஓர் அரை மாடி இருந்தது. அதனால் திரையில் வந்த மாடி இலக்கம் எல்லாம் ஒன்று பிசகிவிட்டது. நான் மணி அடிக்கிறதா, றிப்பீற்றரில் எழுத்து வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தேன்.

சில மாதங்களின் பின் ஓர் இரவு அங்கே ஒரு சாமான் அறையில் புகை வந்தது. காவலுக்கு இருந்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த நானா ஒருவர். திரையில் நாலாம் மாடி என்று இருந்தது. படியேறி நாலாம் மாடிக்கு ஓடினார். அங்கே ஒன்றும் இல்லை. தீ இருந்தது ஐந்தாம் மாடியில். அந்த மாடியில் உறங்கிய துப்புரவுத் தொழிலாளர் ஒருவர் புகையைச் சுவாசித்து வைத்தியசாலையில் இரண்டு நாள் இருந்தார். உயிர் தப்பியது. நானா என்னைக் கண்டபோது கோபிக்கவில்லை. "தம்பி, நான் அந்தப் பெட்டிய நம்பித்தானே ஓடினன்" என்று மட்டும் சொன்னார்.

அதன் பின் நான் கடைப்பிடிக்கும் முறை இது. கட்டடத்தை முழுதாக நடந்து பார்த்த பிறகே பெயர் எழுதுவேன். வரைபடத்தில் உள்ள பெயரை விட்டுவிட்டு, அங்கே வேலை செய்பவர்கள் அந்த இடத்தை என்ன பெயரால் அழைக்கிறார்கள் என்று கேட்டு எழுதுவேன். முதலில் மாடி, அடுத்துப் பக்கம், கடைசியாக அறை. ஒரே பெயர் இரண்டு இடத்துக்கு வரக் கூடாது. சுவர் கட்டினாலோ அறை மாறினாலோ அன்றைக்கே பெயரும் மாற வேண்டும்.

மண்டலம் பிரிப்பதிலும் அளவு உண்டு. பிஎஸ் 5839 நெறிமுறைப்படி ஒரு மண்டலம் 2000 சதுர மீற்றருக்கு மேல் போகக் கூடாது. மண்டலத்துக்குள் நுழைந்தவர் தீயைக் கண்டுபிடிக்க 60 மீற்றருக்கு மேல் தேடி நடக்கும்படியும் இருக்கக் கூடாது. பனலுக்குப் பக்கத்தில் மண்டல வரைபடம் ஒன்றும் மாட்டப்பட்டிருக்க வேண்டும். றிப்பீற்றருக்குப் பக்கத்திலும் அதே வரைபடத்தை மாட்டுங்கள், "நீங்கள் நிற்பது இங்கே" என்ற குறியோடு.

மொழி

சந்தையில் உள்ள பெரும்பாலான பனல்களின் திரையில் தமிழ் எழுத்து வராது. ஊருக்குத் திரும்பிய பின் எங்கள் மாவட்டத்தில் ஒரு பொதுக்கட்டடத்தைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். பனல் அலுவலக அறைக்குள், மாலை நாலரைக்குப் பூட்டப்படும் கதவுக்குப் பின்னால் இருந்தது. திரை முழுக்க ஆங்கிலம். இரவில் இருப்பவர் ஒரு வயோதிபக் காவலாளி, தமிழ் மட்டும் வாசிப்பார். அவரிடம் "மணி அடித்தால் என்ன செய்வீர்கள்" என்று கேட்டேன். "சாவி வைத்திருக்கிற ஐயாவுக்குக் கோல் எடுப்பன்" என்றார்.

அவர் மேசைக்கு மேலே ஒரு விளக்குப் பலகை பொருத்தினோம். ஒவ்வொரு விளக்குக்கும் கீழே இலக்கம், தமிழ்ப் பெயர், சிங்களப் பெயர். பக்கத்தில் வரைபடம், மண்டலத்துக்கு ஒரு நிறம். திரையில் தமிழ் வராவிட்டாலும் இலக்கம் வரும். இலக்கத்தையும் நிறத்தையும் பொருத்திப் பார்க்க எவராலும் முடியும். அந்தக் காவலாளி இப்போது விளக்கைப் பார்த்து, "ஆறு, பச்சை, மேல்மாடி வடக்கு" என்று ஒரே மூச்சில் சொல்வார்.

சோதனை

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஒவ்வொரு மண்டலத்திலும் சோதனைப் புகை கொடுக்க, மற்றவர் றிப்பீற்றரில் வருவதைத் தொலைபேசியில் வாசிக்க வேண்டும். நிற்கும் இடமும் வாசித்த இடமும் ஒன்றா என்று ஒவ்வொன்றாகக் குறியுங்கள். இந்த ஒரு வேலையை அன்று நான் செய்திருந்தால் நானா நாலாம் மாடிக்கு ஓடியிருக்க மாட்டார்.

ஈஎன் 54 தரப்படி உணரி சைகை அனுப்பினால் பனல் 10 விநாடிக்குள் தீ என்று காட்ட வேண்டும். கோளாறு 100 விநாடிக்குள் தெரிய வேண்டும். தரவு வயர் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள், இரண்டு நிமிடத்துக்குள் பனல் கத்தாவிட்டால் றிப்பீற்றர் பதியப்படவில்லை. பிறகு பிரதான மின்சாரத்தை நிறுத்தி, பற்றறியில் மட்டும் ஒரு மண்டலத்தைச் சோதியுங்கள். றிப்பீற்றரின் சிறு மணி, அந்த இடத்தின் வழமையான இரைச்சலில் கேட்கிறதா என்றும் பாருங்கள். முடிவில் துண்டித்த எல்லாவற்றையும் திரும்ப இணைத்து, பதிவுப் புத்தகத்தில் எழுதி, புதிய கோப்பின் பிரதியைக் கட்டடத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கட்டடப் பொறுப்பாளர்கள் இன்றே பார்க்கக்கூடியவை

இரவில் ஆள் இருக்கும் இடத்தில் இருந்து திரை தெரிகிறதா? திரையில் வரும் பெயரை அந்த ஆள் வாசிப்பாரா, அந்த இடம் எது என்று கை காட்டுவாரா? பற்றறியின் மேல் எழுதப்பட்ட ஆண்டு என்ன? கடைசியாகச் சுவர் கட்டிய பின் பெயர்கள் மாற்றப்பட்டனவா? பதிவுப் புத்தகத்தில் கடைசி வரி எந்தத் திகதி?

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை நாங்கள் திருகோணமலைக்கு மூதூரிலிருந்து கடல் வழியாகவோ பாதைப் படகுகளில் ஏறி இறங்கியோ போனோம். இப்போது தரைவழி உண்டு. ஆனாலும் கொட்டியாரக் குடாவைச் சுற்றி ஒரு தீயணைப்பு வண்டி வந்து சேர நேரம் எடுக்கும். அதுவரை உள்ள நிமிடங்கள் எங்கள் கையில்தான். இலங்கையில் தீயணைப்புச் சேவைக்கு 110, நோயாளர் காவு வண்டிக்கு 1990. இந்த இரண்டு இலக்கங்களையும் றிப்பீற்றருக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள்.